ஸ்டாக் எடுத்தாச்சுங்களா?

டெல்லிக்குப் போகிறேன் என்று யாரிடமாவது சொல்லிப் பாருங்கள். ஆளுக்கொரு லிஸ்ட் கொடுப்பார்கள். செங்கோட்டை, குதுப்மினார், தாமரைக் கோயில், அக்ஷர்தாம், இந்தியா கேட். நேரம் மிச்சமிருந்தால் சாந்தினி சௌக்கில் ஒரு பராத்தா. முடிந்தது தலைநகரம்!

'மியூசியத்துக்குப் போ' என்று யாரும் சொல்ல மாட்டார்கள். எனக்கும் யாரும் சொல்லவில்லை. தாராபுரத்தில் மளிகை மண்டி வைத்திருக்கும் என் தாய்மாமா மட்டும்தான் கேட்டார்.

"மாப்ளே, இந்த சாமி சிலையெல்லாம் வெளிநாட்டுல இருந்து திரும்பி வருதல்லங்க... அதெல்லாம் டெல்லியிலதான வந்து எறங்குது? அத வெச்சிருக்கற எடத்துக்குக் கூட்டிட்டுப் போவீங்களா?"

மாமாவுக்கு எழுபது தாண்டிவிட்டது. அத்தையோடு காசிக்குப் போய்விட்டு, திரும்பும் வழியில் டெல்லியில் நான்கு நாள் தங்குவதாகத் திட்டம். துணைக்கு நான். ஹிந்தி தெரியும் என்று என்னைப் பற்றி யாரோ வதந்தி கிளப்பியிருந்தார்கள்.

சாமி சிலைகள் மீது மாமாவுக்கு எதற்கு இந்தத் திடீர் அக்கறை? எனக்கும் அப்போது புரியவில்லை. காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன்.

*

நாங்கள் போய் இறங்கியது ஒரு திங்கட்கிழமை. டெல்லிக்குச் சுற்றிப்பார்க்கப் போகிறவர்கள் செய்யக்கூடாத முதல் தப்பு இதுதான். செங்கோட்டைக்குத் திங்கள் விடுமுறை. அக்ஷர்தாமுக்கு விடுமுறை. தாமரைக் கோயிலுக்கு விடுமுறை. நேஷனல் மியூசியத்துக்கும், காந்தி சுட்டுக் கொல்லப்பட்ட வீட்டுக்கும்கூட விடுமுறை.

"நம்மூர்ல முடிவெட்டறவங்கதான் ஒரே நாள்ல லீவு விடுவாங்க" என்றார் மாமா.

குதுப்மினார் திறந்திருந்தது. போனோம். அங்கே இருக்கும் இரும்புத் தூணைச் சுற்றி 1997-ல் வேலி போட்டுவிட்டார்கள். அதற்கு முன்பெல்லாம் தூணுக்கு முதுகு கொடுத்து நின்று, கைகளைப் பின்னால் கொண்டுபோய்க் கோத்தால் நினைத்தது நடக்கும் என்று எல்லோரும் கட்டிப்பிடிப்பார்கள். ஆயிரத்து அறுநூறு வருஷமாக வெயிலும் மழையும் துருப்பிடிக்க வைக்க முடியாத தூணை, நம் ஜனங்களின் வியர்வை கெடுத்துவிடுமோ என்று பயந்து வேலி!

அந்த இரும்பில் பாஸ்பரஸ் அதிகம். அதுவே மேலே ஒரு காப்புப் படலமாகிவிட்டது என்று கான்பூர் ஐ.ஐ.டி. பேராசிரியர் பாலசுப்ரமணியம் ஆராய்ந்து எழுதியிருக்கிறார். இதை நான் மாமாவிடம் சொன்னேன். மாமா தூணை விட்டுவிட்டுப் பக்கத்தில் இருந்த சிவப்புக்கல் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அலாய் தர்வாசா. அலாவுதீன் கில்ஜி 1311-ல் கட்டியது.

எனக்கு அந்த வருஷம் உறுத்தியது. 1311... அதே வருஷம்தான் மாலிக் காபூர் மதுரை வரைக்கும் வந்து, வாரிச் சுருட்டிக்கொண்டு டெல்லி திரும்பியது. 512 யானை, 5,000 குதிரை என்று அமீர் குஸ்ரோ எழுதி வைத்திருக்கிறார். பரணி என்ற இன்னொரு வரலாற்றுக்காரர் யானை 612 என்கிறார். ஆக, பாண்டிய நாட்டு யானைகள் அந்த வருஷம் இந்த ஊருக்குள் வரிசையாக நடந்து வந்திருக்கின்றன.

மாமாவிடம் சொன்னேன். அவர் யோசித்துவிட்டுச் சொன்னது:

"நூறு யானை கணக்குல இடிக்குதுங்க. ஆனா பாருங்க மாப்ளே, கொள்ளையடிச்சவன்கூட ஸ்டாக் எடுத்திருக்கறான்."

*

அடுத்து, புராணா கிலா. பழைய கோட்டை. ஹுமாயூனும் ஷேர்ஷாவும் கட்டியது. இதன் அடியில்தான் பாண்டவர்களின் இந்திரப்பிரஸ்தம் இருக்கிறது என்று நம்பிக்கை. கோட்டைக்குள்ளேயே இந்திரபத் என்ற பெயரில் ஒரு கிராமம் நூறு வருஷத்துக்கு முன்பு வரை இருந்தது. புது டெல்லியைக் கட்டியபோது காலி பண்ணிவிட்டார்கள். பி.பி.லால் 1954-55லும், பிறகு 1969 முதல் 73 வரையிலும் இங்கே தோண்டினார். சமீபத்தில் 2023 வரைக்கும்கூட தோண்டினார்கள். பானை ஓடுகள் கிடைத்தன. மௌரியர் காலம், சுங்கர், குஷாணர், குப்தர் என்று அடுக்கடுக்காக மனுஷன் வாழ்ந்த தடயம் கிடைத்தது. 'இது பாண்டவர் அரண்மனை' என்று போர்டு மாட்டும்படி எதுவும் கிடைக்கவில்லை.

எங்கள் தாராபுரத்துக்கும் இதே கதைதான். பாண்டவர்கள் அஞ்ஞாதவாசம் இருந்த விராடபுரம் எங்கள் ஊர்தான் என்று அமராவதிக் கரையில் எந்தப் பெரியவரைக் கேட்டாலும் சொல்வார். ஆக, பாண்டவர்கள் ஆட்சி பண்ணியது இங்கே, ஒளிந்துகொண்டது எங்கள் ஊரில். டெல்லிக்காரர்களுக்கு எங்கள்மேல் கொஞ்சம் நன்றி இருக்கலாம்.

இந்தக் கோட்டையில்தான் மாமா தேடி வந்த இடம் இருக்கிறது. கடத்தல்காரர்களிடம் பறிமுதல் செய்தது, வெளிநாடுகளிலிருந்து மீட்டு வந்தது என்று இந்தியத் தொல்லியல் துறை சேர்த்து வைத்திருக்கும் பழம்பொருட்களுக்காக, கோட்டைச் சுவரை ஒட்டிய அறைகளில் 2019 ஆகஸ்டில் ஒரு கேலரி திறந்தார்கள்.

மாமா ஒவ்வொன்றின் முன்பும் நின்றார். குனிந்து, கண்ணாடியில் மூக்கு இடிக்கிற அளவுக்குப் பார்த்தார். அத்தைக்குக் கால் வலித்து, வாசலில் உட்கார்ந்துவிட்டார். அரை மணி நேரம் கழித்து வெளியே வந்த மாமா, "போலாங்க" என்றார். அவ்வளவுதான். மனுஷர் அன்றைக்கு ராத்திரி சரியாகச் சாப்பிடவில்லை.

*

மறுநாள் அக்ஷர்தாம். 2005 நவம்பரில் திறந்த கோயில். டெல்லியில் எங்கேயும் பார்க்காத கூட்டத்தை இங்கே பார்க்கலாம். செல்போன், கேமரா எதுவும் உள்ளே கூடாது. ஒழுங்கான வரிசை. குப்பை என்று ஒரு காகிதம் கிடையாது. அத்தை சொக்கிப் போய்விட்டார். டிக்கெட் எடுத்தால் ஒரு படகில் உட்கார வைத்து, பத்தாயிரம் வருஷ இந்தியப் பண்பாட்டைக் கால் மணி நேரத்துக்குள் காட்டி வெளியே அனுப்பிவிடுகிறார்கள்.

இதைக் கிண்டல் பண்ணுவது சுலபம். அறிவுஜீவிகள் நிறையப் பண்ணியாயிற்று. நான் பண்ணப்போவதில்லை. டிக்கெட் வாங்கியவனுக்குக் கதை சொல்ல வேண்டும் என்ற பொறுப்பு அங்கே இருக்கிறது. படகில் வந்த ஒரு பாட்டி, ஒரு சின்னப் பையன், கல்யாணமான புதுசில் வந்த ஜோடி, எல்லோருக்கும் ஏதோ ஒன்று புரிந்தது. எனக்கு இருக்கும் ஒரே வருத்தம், படகு நிற்பதில்லை என்பதுதான். ஒரு பொம்மையைப் பார்த்து, 'இது நிஜமாகவே இப்படித்தான் நடந்ததா?' என்று சந்தேகம் வருவதற்குள் அடுத்த பொம்மை வந்துவிடுகிறது. மியூசியம் என்றால் நின்று பார்க்க வேண்டும். சந்தேகப்பட வேண்டும். படகில் உட்கார்ந்து சந்தேகப்பட முடியாது.

தீன்மூர்த்தி பவனிலும் இப்போது அதே வித்தைதான். நேரு வாழ்ந்த வீடு. அவர் இறந்தபின் நினைவு இல்லமாக இருந்தது. 2022 ஏப்ரல் 14-ல் பக்கத்திலேயே புதுக் கட்டடம் கட்டி, எல்லாப் பிரதமர்களுக்குமான 'பிரதமர் அருங்காட்சியகம்' ஆக்கினார்கள். விரும்பிய பிரதமரோடு நடந்து போவது போலப் படம் எடுத்துக்கொள்ளலாம். அத்தை ஒரு வினாடிகூடத் தயங்காமல் இந்திரா காந்தியைத் தேர்ந்தெடுத்தார். மாமா எமர்ஜென்சியை ஞாபகப்படுத்தினார். "அதுக்கென்னங்க, அந்தம்மாதான் கம்பீரம்" என்றார் அத்தை. குடும்பத்தில் ஒரு அரசியல் விவாதம் நடந்தது. அந்த மட்டில் மியூசியம் தன் வேலையைச் செய்துவிட்டது!

*

மூன்றாம் நாள் நேஷனல் மியூசியம். உள்நாட்டுக்காரர்களுக்கு 20 ரூபாய் டிக்கெட்.

இதன் பிறப்புக் கதையே ஒரு வியாபாரக் கதை. 1947-48 குளிர்காலத்தில் லண்டன் ராயல் அகாடமியில் இந்தியக் கலைப் பொருட்களுக்கு ஒரு பெரிய கண்காட்சி நடந்தது. அதற்காக நாடு முழுக்க இருந்த மியூசியங்களிடம் நல்ல நல்ல உருப்படிகளாக இரவல் வாங்கி அனுப்பினார்கள். கண்காட்சி முடிந்து பொருட்கள் டெல்லிக்கு வந்தன. அவற்றை ராஷ்டிரபதி பவனில் வைத்துக் காட்டினார்கள். பார்த்தவர்களுக்கு ஆசை வந்துவிட்டது. ஒரே இடத்தில் இவ்வளவு அழகா! திருப்பி அனுப்ப மனசு வருமா? இதையே தேசிய மியூசியம் ஆக்கிவிடலாம் என்று முடிவானது. 1949 ஆகஸ்ட் 15 அன்று திறந்து வைத்தவர் நம் ராஜாஜி. அப்போது அவர் கவர்னர் ஜெனரல். ஜன்பத் சாலையில் இருக்கும் இப்போதைய கட்டடம் 1960 டிசம்பரில் திறந்தது. திறந்தவர் அன்றைய துணை ஜனாதிபதி ராதாகிருஷ்ணன். அவரும் நம் திருத்தணிக்காரர்.

கேட்டுவிட்டு மாமா சொன்னார்: "எரவல் வாங்குன அண்டாவ திருப்பிக் குடுக்காம, அண்டாக் கடை வெச்ச மாதிரி இருக்குதுங்களே!"

நான் பதில் சொல்லவில்லை. தப்பு என்றும் சொல்ல முடியவில்லை. எல்லாம் அந்தந்த ஊரிலேயே இருந்திருந்தால் நாங்கள் ஒரே காலையில் எப்படிப் பார்த்திருப்போம்? ஆனாலும் அண்டா கொடுத்தவனுக்கு ஒரு வருத்தம் இருக்கத்தானே செய்யும்?

ஹரப்பா கேலரியில் அந்தப் பிரசித்தி பெற்ற நடன மங்கை. 1926-ல் மொகஞ்சதாரோவில் கிடைத்தவள். படங்களில் பார்த்துப் பார்த்து ஆள் உயரம் இருப்பாள் என்று நினைத்திருந்தேன். பத்தரை சென்டிமீட்டர்! நம் கையகலம்தான். இடுப்பில் ஒரு கையை வைத்துக்கொண்டு, 'வந்துட்டீங்களா, இப்பத்தான் வழி தெரிஞ்சுதா?' என்று கேட்கிற மாதிரி நிற்கிறாள். ஆறு கோடி ரூபாய் செலவில் எடுத்த சரித்திரப் படத்தில் வராத ஒரு தெனாவட்டு அந்த இடுப்பில் இருக்கிறது.

முத்திரைகள் இருந்த இடத்தில் மாமா நின்றுவிட்டார். திமில் வைத்த காளை. தபால் தலையைவிடக் கொஞ்சம் பெரிய கல்லில் செதுக்கியது. தோட்டத்தில் இன்றைக்கும் இரண்டு காங்கேயம் மாடு கட்டி வைத்திருக்கிற மனிதர் அவர். சித்திரையில் கண்ணபுரம் மாட்டுச்சந்தைக்குப் போகாமல் இருந்ததே இல்லை.

"மாப்ளே, இவன் மாட்ட வளத்திருக்கறான். பாத்து வரையல. அலைதாடி மடிப்பு எப்படி விழுகுது பாருங்க. கழுத்த எப்படித் தாழ்த்தறான் பாருங்க. வேத்தாள் கிட்ட வந்தாத்தான் காளை இப்படி நிக்கும்."

பி.காம். படித்த எனக்கு அந்த முத்திரை ஒரு பரீட்சைக் கேள்வியாகத்தான் இருந்தது. மாமாவுக்கு அது ஒரு மாடு. நாலாயிரம் வருஷத்துக்கு முந்தைய ஒரு மாட்டுக்காரனும் குண்டடம் ரோட்டில் தோட்டம் வைத்திருக்கும் ஒரு மாட்டுக்காரரும் கண்ணாடிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்று பேசிக்கொண்டார்கள். மியூசியம் எதற்கு என்று கேட்கிறவர்களுக்கு என்னிடம் இதைவிட நல்ல பதில் இல்லை.

அதே மொகஞ்சதாரோ நகை ஒன்றின் கதையும் சொன்னேன். 1947-ல் பிரிவினை வந்தபோது மேஜை நாற்காலி முதற்கொண்டு பாகம் பிரித்தார்கள் இல்லையா? பழம்பொருட்களையும் பிரித்தார்கள். பூசாரி ராஜா சிலை பின்னாளில் பாகிஸ்தானுக்குப் போனது. நடன மங்கை நமக்கு. ஒரு கழுத்து மாலையை யாருக்குக் கொடுப்பது என்பதில் இழுபறி. கடைசியில் மணிகளை எண்ணி, அறுத்து, பாதியை அங்கே அனுப்பி, பாதியை இங்கே வைத்துக்கொண்டார்கள். ஒரு நகை, இரண்டு தேசம்.

அத்தை அதுவரை மியூசியத்தில் பெரிய சுவாரஸ்யம் காட்டவில்லை. இதைக் கேட்டதும் முகம் வாடிவிட்டது. "பொறந்த பொண்ணு பேர்ல எழுதி வெச்சிருக்கலாமில்லீங்க... அறுக்கோணுமா?" என்றார். பங்காளி சண்டையில் கிணற்றுக்கு நடுவே சுவர் வைத்ததை எல்லாம் பார்த்த மண்ணல்லவா எங்களுடையது!

*

இன்னொரு மியூசியத்துக்கும் போனோம். பெயர் வேண்டாம். அங்கே ஒரு வெண்கல அம்மன். என்ன அழகு! கீழே இருந்த சீட்டில் ஹிந்தியிலும் ஆங்கிலத்திலும் எழுதியிருந்தது இவ்வளவுதான்: பார்வதி, வெண்கலம், 12-ம் நூற்றாண்டு, தென்னிந்தியா.

"என்னங்க போட்டிருக்குது?" என்றார் மாமா. சொன்னேன்.

"எந்த ஊர் அம்மன்?"

"தென்னிந்தியான்னு போட்டிருக்குதுங்க மாமா."

"அது ஊராங்க?"

அங்கிருந்த காவலரிடம் எனக்குத் தெரிந்த ஹிந்தியில் கேட்டேன். அவர் சீட்டைக் காட்டினார். சீட்டில் இருப்பதற்கு மேல் அவருக்கு என்ன தெரியும், பாவம்! கோயிலில் இருந்தால் அந்த அம்மனுக்கு ஒரு பெயர் இருந்திருக்கும். பெரியநாயகியோ, சிவகாமியோ, எதுவோ. வருஷத்தில் ஒரு நாள் புறப்பாடு இருந்திருக்கும். புடவை சாத்தியிருப்பார்கள். இங்கே மூன்று வரிச் சீட்டு. அந்த மூன்று வரியில் ஊர்ப் பெயர் இல்லை.

இதே ஊரில் எதிர் உதாரணமும் இருக்கிறது. பிர்லா மாளிகை. இப்போது காந்தி ஸ்மிருதி. காந்தி தன் கடைசி 144 நாட்களைக் கழித்த வீடு. டிக்கெட் கிடையாது. அவர் 1948 ஜனவரி 30 சாயங்காலம் அறையிலிருந்து பிரார்த்தனை மைதானத்துக்கு நடந்த வழியில், சிமென்ட்டில் பாதச்சுவடுகள் பதித்து வைத்திருக்கிறார்கள். நீங்களும் கூடவே நடக்கலாம். ஓர் இடத்தில் சுவடு நின்றுவிடுகிறது. அவ்வளவுதான். அங்கே யாரும் சத்தம் போட்டுப் பேசி நான் பார்க்கவில்லை. பள்ளிக்கூடப் பிள்ளைகள்கூட வாயை மூடிக்கொண்டன. ஹாலோகிராம் இல்லை, படகு இல்லை. சொல்ல வேண்டியது ஒன்றே ஒன்று. அதைச் சரியாகச் சொல்லிவிட்டார்கள்.

*

இனி கொஞ்சம் கணக்குப் பார்க்கலாம்.

மளிகை மண்டியில் மார்ச் 31 அன்று என்ன நடக்கும்? கதவைச் சாத்திவிட்டு ஸ்டாக் எடுப்பார்கள். எத்தனை மூட்டை துவரம் பருப்பு, எத்தனை டின் எண்ணெய். புத்தகத்தில் இருப்பதும் குடோனில் இருப்பதும் ஒத்துப்போக வேண்டும். போகவில்லையென்றால் மாமா வீட்டில் அன்றைக்கு அடுப்பு எரியாது.

நம் தேசத்தின் குடோனில் என்ன நிலவரம்? 2013-ல் மத்திய தணிக்கைத் துறை, அதாவது சி.ஏ.ஜி., ஒரு காரியம் செய்தது. பாதுகாக்கப்பட்ட நினைவுச் சின்னங்களில் 1,655 இடங்களுக்கு நேரில் ஆள் அனுப்பிப் பார்த்தது. அதில் 92-ஐக் காணோம்! சுவரில் விரிசல், கூரையில் ஒழுகல் என்றில்லை. சின்னத்தையே காணோம். தொல்லியல் துறையிடம் தன் பொறுப்பில் எத்தனை சின்னங்கள் இருக்கின்றன என்பதற்கே நம்பகமான கணக்கு இல்லை என்றும் அந்த அறிக்கை சொன்னது.

பிறகு துறையினர் தேடினார்கள். 92-ல் 42 கிடைத்தன. 14 நகரங்கள் பெருத்ததில் போய்விட்டன. 12 அணைத் தண்ணீரில் மூழ்கிவிட்டன. மீதி 24? எங்கே என்றே தெரியவில்லை. நாடாளுமன்றக் குழு இதை விசாரித்து அறிக்கை கொடுத்து, 2023 தொடக்கத்தில் பத்திரிகைகளில் அடிபட்டது. மொத்தம் இருக்கும் 3,693 சின்னங்களில் 248 இடங்களுக்குத்தான் காவலாளி போட முடிந்திருக்கிறது என்பதும் அப்போதுதான் தெரிந்தது. நூற்றுக்கு ஏழுகூட இல்லை.

காணாமல் போன 24-ல் காட்டுக்குள் இருந்தவை, மலைமேல் இருந்தவை இருந்தால் மன்னித்துவிடலாம். இரண்டு டெல்லியிலேயே இருந்தவை! பாராகம்பா கல்லறை ஒன்று. முபாரக்பூரில் இருந்த இன்ச்லா வாலி கும்டி இன்னொன்று. தொல்லியல் துறையின் தலைமை அலுவலகம் இருக்கும் ஊர் இது. 2024 மார்ச்சில் இந்த இரண்டையும் சேர்த்து 18 சின்னங்களைப் பட்டியலிலிருந்து நீக்க அறிவிப்பு வந்தது. வணிகவியலில் இதற்கு 'ரைட் ஆஃப்' என்று பெயர். வராத கடனைக் கணக்கிலிருந்து தூக்கிவிடுவது. சட்டப்படி சரி. ஆனால் எந்த முதலாளியும் சந்தோஷமாகச் செய்யும் காரியமில்லை.

இன்னொரு ரைட் ஆஃப், நெருப்பு செய்தது. மண்டி ஹவுஸ் பக்கத்தில் ஃபிக்கி கட்டடத்தில் தேசிய இயற்கை வரலாற்று மியூசியம் இருந்தது. 1978-ல் திறந்தது. 2016 ஏப்ரல் 26 விடியற்காலையில் தீப்பிடித்து, உள்ளே இருந்ததெல்லாம் சாம்பல். பாடம் பண்ணிய விலங்குகள், பறவைகள், எல்லாம். பதினாறு கோடி வருஷத்து டைனோசர் எலும்பு ஒன்றும் அங்கே இருந்தது. பூமி பதினாறு கோடி வருஷம் பத்திரமாக வைத்திருந்ததை நாம் முப்பத்தெட்டு வருஷம்தான் வைத்திருந்தோம்.

இதையெல்லாம் இப்போது ஏன் சொல்கிறேன்? நேஷனல் மியூசியம் வீடு மாறப் போகிறது. ராஷ்டிரபதி பவனுக்கு எதிரே கம்பீரமாக நிற்கும் வடக்கு பிளாக், தெற்கு பிளாக் இரண்டையும் 'யுகே யுகீன் பாரத்' என்ற பெயரில் மியூசியம் ஆக்கப்போவதாக 2023-ல் பிரதமர் அறிவித்தார். உலகத்திலேயே பெரிய மியூசியமாக இருக்குமாம். 2024 டிசம்பரில் பிரான்ஸ் நாட்டு நிறுவனத்தோடு ஒப்பந்தமும் ஆனது. நல்ல விஷயம்தான். பைல்கள் இருந்த இடத்தில் சிலைகள் வந்தால் யாருக்குக் கசக்கும்?

ஆனால் நேஷனல் மியூசியத்தின் கையிருப்பு இரண்டு லட்சத்துக்கும் மேல். அதில் நாம் பார்ப்பது கொஞ்சம்தான். பெரும்பாலானவை உள்ளே கிடங்கில் இருக்கின்றன. வாடகை வீடு மாறியவர்களுக்குத் தெரியும். லாரியில் ஏற்றும்போது பத்து மூட்டை, இறக்கும்போது ஒன்பது. காணாமல் போவது எப்போதும் அம்மாவின் பழைய பித்தளைச் சொம்பாகத்தான் இருக்கும். டி.வி. தொலைவதில்லை.

நடன மங்கைக்கு ஒன்றும் ஆகாது. அவள் பிரபலம். எனக்குக் கவலை, கிடங்கில் நம்பர் ஒட்டி வைத்திருக்கும் அந்தப் பெயர் தெரியாத பித்தளைச் சொம்புகள் பற்றி. ஒவ்வொன்றுக்கும் போட்டோ, அளவு, எடை, எந்த ஊர், யார் கொடுத்தது, எப்போது வந்தது... இவ்வளவும் ஒரு ரெஜிஸ்டரில் ஏறி, யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி இருந்துவிட்டால், அப்புறம் லாரி வரட்டும். தென்னிந்தியாவை ஓர் ஊர் என்று எழுதுவதும் அப்போது தன்னால் நின்றுவிடும்.

*

கடைசி நாள் ராத்திரி, ரயில் ஏறும் முன்பு மாமாவிடம் கேட்டேவிட்டேன். "அந்தக் கோட்டையில என்னத்தத் தேடினீங்க மாமா?"

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு சொன்னார். அவர்கள் குலதெய்வக் கோயிலில் ஒரு பாவை விளக்கு இருந்தது. அவருடைய அப்பாரு செய்து வைத்தது. ஒரு முழ உயரம். இருபது வருஷத்துக்கு முன்பு ஒரு நோம்பி முடிந்த மறுநாள் காணாமல் போனது. போலீசுக்குப் போனார்கள். அங்கே கேட்ட முதல் கேள்வி, "போட்டோ இருக்கா?"

இல்லை. கல்யாண போட்டோ, காதுகுத்து போட்டோ எல்லாம் இருந்தது. விளக்கை யாரும் தனியாகப் படம் எடுக்கவில்லை. எடை கேட்டார்கள். தெரியாது. கோயில் சொத்துக்கு நோட்டு ஏதாவது? கிடையாது. "மண்டியில ஒரு கிலோ சீரகம் கொறஞ்சாக் கண்டுபுடிச்சிருவனுங்க மாப்ளே. சாமி ஊட்ல என்ன இருக்குதுன்னு ஒரு நாள் எழுதி வெக்கல" என்றார். கோட்டையில் கண்ணாடிக்குப் பின்னால் அது இருந்துவிடாதா என்ற நப்பாசை. இருந்திருந்தாலும் தன்னுடையது என்று எதை வைத்துச் சொல்வது என்பது, அங்கே நின்றபோதுதான் உறைத்திருக்கிறது.

நான் அவருக்கு ஸ்ரீபுரந்தான் நடராஜரின் கதையைச் சொன்னேன். அரியலூர்ப் பக்கத்துச் சின்னக் கிராமம். கோயிலிலிருந்து திருடுபோன நடராஜரை 2008-ல் ஆஸ்திரேலிய தேசிய கேலரி ஐம்பது லட்சம் டாலர் கொடுத்து வாங்கியது. அது திருட்டுப்பொருள்தான் என்று நிரூபிக்கப் பெரிய ஆதாரமாக இருந்தது எது தெரியுமா? புதுச்சேரியில் இருக்கும் பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் எப்போதோ எடுத்து வைத்திருந்த போட்டோ. கோயில் கோயிலாகப் போய் அவர்கள் எடுத்து, நம்பர் போட்டு, பெட்டியில் அடுக்கி வைத்த படங்கள் ஒரு லட்சத்துக்கும் மேல். 2014 செப்டம்பரில் ஆஸ்திரேலியப் பிரதமரே டெல்லிக்கு வந்து நடராஜரைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனார். 2022 ஜூனில் இன்னும் பத்து சிலைகளைத் தமிழ்நாட்டு அரசிடம் டெல்லியில் வைத்தே ஒப்படைத்தார்கள். சாமி தானாக வரவில்லை. ஒரு போட்டோ கூட்டி வந்தது.

மாமா ஒன்றும் சொல்லவில்லை. ரயிலில் ஏறிப் படுத்துவிட்டார்.

போன வாரம் ஊருக்குப் போயிருந்தேன். மண்டியில் கல்லாவுக்குப் பக்கத்தில் நீளவாக்கில் ஒரு கணக்கு நோட்டு. அட்டையில் பெரிய எழுத்தில் 'கோயில் இருப்பு' என்று எழுதியிருந்தது. பிரித்தேன். உருளி 2, உயரம் இவ்வளவு, எடை இவ்வளவு, விளிம்பில் ஒரு சொட்டை. மணி 1, நாக்கு மாற்றியது. வேல் 3. குதிரை வாகனம் 1, இடது காது உடைந்தது. ஒவ்வொரு பக்கத்திலும் ஒரு போட்டோ ஒட்டி, கீழே யார் கொடுத்தது என்று அவருடைய கோணல் கையெழுத்து. கடைசிப் பக்கத்தில் போட்டோ இல்லை. 'பாவை விளக்கு 1. அப்பாரு செய்து வைத்தது. காணவில்லை' என்று மட்டும் இருந்தது. ரைட் ஆஃப் பண்ணவில்லை.

நோட்டை மூடினேன். மாமா சீரகம் நிறுத்துக்கொண்டே, தலையைத் தூக்காமல் கேட்டார்:

"அப்பறம், டெல்லிக்காரங்க ஸ்டாக் எடுத்தாச்சுங்களா?"